கிடைக்கோடு

சைமி தந்த தாளில் குறுக்கே வாரங்கள்,
நெடுக்கே பூஜ்ஜியத்திலிருந்து பத்து.
இந்த மாதிரித் தாள் எனக்குப் புதிதல்ல.
இருபத்தாறு வருஷம் நான் ஓட்டிய வண்டிகளெல்லாம்
கட்டுப்பாட்டு அறைச் சுவரில்
கோடுகளாய்த்தான் ஓடின.
விறைத்து ஏறினால் விரைவு வண்டி,
தளர்ந்து சாய்ந்தால் சரக்கு.
ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு கோடு வெட்டிக்கொண்டால்
அங்கே ஒரு நிலையம் இருந்தாக வேண்டும்.
இல்லையென்றால் யாரோ சாகப் போகிறார்கள்.

கெமிக்கு வடக்கே, ஜனவரி, காலை 7.52.
இன்னும் விடியவில்லை. மைனஸ் முப்பத்தொன்று.
அந்த நீல வேனின் கோட்டை
யாரும் எந்தத் தாளிலும் வரைந்திருக்கவில்லை.

"அதை நினையுங்கள், அவ்லிஸ். என் விரலைப் பாருங்கள்."
கண்ணாடிப் பனி துடைக்கும் வைப்பர் போல
இடம் வலம், இடம் வலம்.
"இப்போது எவ்வளவு?"
பத்து.
"இப்போது?"
பத்து.

மூன்றாம் வாரம் ஒன்பது.
நான்காம் வாரம் மூன்று என்றேன். பொய்.
அவளுக்கு ஜலதோஷம், சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டுமே என்று.
அடுத்த வாரம் அழித்து எட்டாக்கினேன்.
ரப்பர் தேய்த்த இடம் இன்னும் மினுங்குகிறது.
ஏழாம் வாரம் எகிறியதற்கு வேன் காரணமில்லை.
பாத்திரம் கழுவும் மிஷின் உடைந்து
சமையலறை முழுக்கத் தண்ணீர்.
இதையும் குறிக்கணுமா என்றேன்.
குறியுங்கள் என்றாள்.

அதுவரை முன்விளக்கு வெளிச்சத்தில்
அந்த முகம் என்னையே பார்த்தது,
வாய் பிளந்து, என்னைத் திட்டியபடி.
ஒன்பதாம் வாரம், விரல் இடப்பக்கம் போய்த் திரும்பும்போது
முகமும் திரும்பியது பக்கவாட்டுக்கு.
அப்படித்தான் இருந்திருக்கிறது, முதலிலிருந்தே.
வாய் அசைகிறது.
ரேடியோ ஓடியிருக்க வேண்டும்.
அந்த ஆள் பாடிக்கொண்டிருந்தான்.
என்னை அவன் பார்க்கவே இல்லை.

"எவ்வளவு?"
வெகுநேரம் எண் வரவில்லை.
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
ஒரு புள்ளி வைத்தேன்.

பிறகு நான்கு. இரண்டு. இரண்டு. இரண்டு.
"பாருங்கள், கோடு அடங்கிவிட்டது" என்று
சைமிக்கு அவ்வளவு சந்தோஷம்.
எப்படிச் சொல்வது அவளிடம்,
எங்கள் தாளில் கிடைக்கோடு என்றால்
வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்று.
காட்டு நடுவே, கிளைப்பாதையில்,
இன்ஜினை அணைக்காமல்,
எதிரே வருவது கடந்துபோகட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை முதல் டியூட்டி.
7.52க்கு அதே இடம்.
தாளில் வாரங்கள் தீர்ந்துவிட்டன.
இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன்.