இணைப்பு – ஆ

தம்புச் செட்டித் தெருவில்
மாடிப்படி இருட்டைத் தடவி ஏறினால்
வக்கீல் சம்பூரணத்தின் அறை.
ஏசி ஓடவில்லை.
"கேஸ் தீர்ந்துபோச்சு" என்றார்.
நம்முடையதைச் சொல்கிறார் என்று நினைத்து
நீ தலையாட்டினாய்.

முதல் மனுதாரர் நீ, இரண்டாம் மனுதாரர் நான்.
பரஸ்பர சம்மதத்தில் எதிர்மனுதாரர் கிடையாதாம்.
எதிரில் ஒரு ஆள் இருந்திருந்தால்
நாம் சேர்ந்து சண்டையாவது போட்டிருக்கலாம்.

சொத்துக்கு இணைப்பு – அ.
அரைப் பக்கம்கூட வரவில்லை.
கடனுக்கு இணைப்பு – ஆ.
டைப் அடிக்கும் ஜெசிந்தா
புதுப் பக்கம் திறந்து காத்திருந்தாள்.

கொளத்தூர் ஃப்ளாட் லோன், இன்னும் பதினோரு வருஷம்:
வீட்டோடு சேர்த்து உனக்கு.
ஸ்கூட்டி தவணை, ஸ்கூட்டியோடு எனக்கு.
உன் தங்கை கல்யாணத்துக்கு அடகு போன என் வளையல்
ஆறு சவரன், வட்டியில் ஊறிக்கிடக்கிறது.
மீட்டுத் தருவதாக எழுதச் சொன்னேன்.
"எப்போதைக்குள்ள?" என்றார் சம்பூரணம்.
நீ சுவர்க் காலண்டரைப் பார்த்தாய்.
அதில் போன வருஷத்து ஆடி.

கிரெடிட் கார்டு இரண்டு.
ஒன்றில் எனக்குத் தெரியாமல் நீ வாங்கியது.
இன்னொன்றில்
உனக்குத் தெரியாமல் நான் கட்டியது.

ஏழாவது, பர்சனல் லோன்,
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
"எதுக்கு வாங்கினதுன்னு போடட்டும்?"
"மருத்துவச் செலவு."
"யாருக்கு?"

மின்விசிறி ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
வடபழனி ஆஸ்பத்திரியின் ஏழு மணி டோக்கன்,
ஊசி மருந்து சூடாகிவிடக் கூடாதென்று
தெர்மாகோல் டப்பாவை மடியில் அணைத்தபடி
நூறடி ரோட்டில் ஆட்டோ,
பள்ளம் பார்த்துப் போங்க அண்ணே, பள்ளம் பார்த்து என்று
டிரைவரிடம் நீ கெஞ்சியது.
மூன்று தடவை.
யாருக்கு என்று கேட்டால்
வராத ஒரு ஆளுக்கு.

"ரெண்டு பேருக்கும்னு போடும்மா" என்றேன்.
ஆளுக்குப் பாதி என்று அடித்தாள்.
ஒன்று எழுபது, ஒன்று எழுபது.
கணக்கு அவ்வளவு சுத்தமாக
வகுபட்டிருக்க வேண்டாம்.

"வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

வேளச்சேரியில் குடியிருந்தபோது
அந்த டிசம்பர் வெள்ளத்தில்
தெருமுனைக் கடை காதர் மொய்தீன்
மார்பளவு தண்ணீரில், தலைமேல் சுமந்து வந்த
பால் பவுடர், மெழுகுவத்தி, இரண்டு பிரெட்.
"தண்ணி வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.
வடிந்ததும் நாம் வீடு மாறினோம்.
பிறகொரு நாள் அந்தப் பக்கம் போனால்
கடை இருந்த இடத்தில் செல்போன் ஷோரூம்.
பாய் எங்கே என்று கேட்டதற்கு
எந்த மாடல் மேடம் என்றான் பையன்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்:
"பாய்க்கு முந்நூத்திப் பத்து."

சம்பூரணம் கண்ணாடியைக் கழற்றினார்.
"சீட்டு, கையெழுத்து, ஏதாவது இருக்கா?"
"இல்ல."
"அப்ப விடுங்க. ஜட்ஜ் சிரிப்பார்."
ஜெசிந்தா அடித்திருந்த எட்டு என்ற எண்ணை
மெதுவாக அழித்தாள்.

கீழே ஜெராக்ஸ் கடையில்
மூன்று செட், அறுபத்திரண்டு ரூபாய்.
நீதான் கொடுத்தாய்.
என் பங்கு முப்பத்தொன்றை
ஜிபேயில் போடுகிறேன் என்று போனை எடுத்தேன்.
சிக்னல் இல்லை.
"அப்புறம் பார்க்கலாம்" என்றாய்,
சொன்ன பிறகு சட்டென்று என் முகத்தைப் பார்த்தாய்.

பாரிமுனையில் எல்லாப் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
நீ பீச் ஸ்டேஷன் பக்கம் நடந்தாய்.
என் கையில்
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.