பட்டையா கயிறா

பட்டை என்றால் தூரத்திலிருந்தே தெரியும்,
வெள்ளை, இரண்டு விரல் அகலம்
என்றார் கடைக்காரர் காதர்மீரான்.
நாகமலைச் சரிவின் ஆடிக் காற்றை
அவர் பார்த்ததில்லை.

ஒரு வாரம்தான்.
இரவெல்லாம் பட்டை படபடக்க
செவலை நின்றபடியே வியர்த்தது.
கல்யாண ஊர்வலத்தில் சரவெடிக்கு
ஒரு கண்ணைக் கொடுத்த குதிரை.

கயிற்றுக்கு மாறினோம்.
காற்று சத்தமில்லாமல் தாண்டிப் போனது.
குருட்டுக் கண் பக்கம்
கயிறு ஏது, பட்டை ஏது?
மூக்கில் ஒரே ஒரு சுள்.
உதறி ஓடியது.
அப்புறம் ஐந்தடி தள்ளியே மேய்ச்சல்.

புரட்டாசியில் பேட்டரியைக் களவாடிவிட்டார்கள்.
புதிது நாலாயிரமாம்.
தினமும் நான்தான்
செத்த கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.

கயிற்றோரம் புல்
முழங்கால் உயரம்.
செவலையிடம் இன்னும் சொல்லவில்லை.