நிலக்கரிச் சண்டை

உலான்பாத்தரில் மைனஸ் இருபத்தொன்பது.
கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டுத்தான்
வீடியோ அழைப்பில் தொடங்கினாள் துங்கலாக்:
"மூட்டைக்கு நாலு கிலோ குறைகிறது.
தராசு என் வீட்டிலும் உண்டு."

அவள் விரல் சொல்வதைக்
கரிக்கடைக் கன்சோரிக்கின் காதில் போட வேண்டும்.
அதுதான் என் உத்தியோகம்.
எட்டாவது மாடி, வெந்நீர்க் குழாயோரம் மேசை.
சொந்த வீட்டில் நான்
உப்புக் குறைந்தாலும் வாய் திறக்காதவன்.

"அந்தம்மாகிட்ட சொல்லுங்க" என்று இழுத்தான்.
"அவரிடமே சொல்லுங்கள்.
நான் இங்கே இல்லை."

படம் உறைந்தது.
பாதி வசவில் நின்ற கை
நெட்வொர்க் வரும்வரை ஓங்கியபடியே இருந்தது.
மறுமுனையில் ஹலோ, ஹலோ என்றான்
மௌனத்துக்குப் பயந்து.

மீண்டது.
அவள் புருவம் ஏறியபோது என் குரல் ஏறியது.
உள்ளங்கையில் அவள் அறைந்தபோது
நான் மேசையில் அறைந்தேன்;
பக்கத்து இருக்கை திரும்பிப் பார்த்தது.

மூன்று மூட்டை. நாளைக் காலை.
வண்டிக்கூலி அவனுடையது.

சிவந்த விரல்களை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு
கடைசியாக ஒன்று கேட்டாள்:
"அவன் குரல் எப்படி இருந்தது?"

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
எள்ளளவு இடம் விட்டுக் காட்டினேன்.