முதன்மை விண்ணப்பதாரர்

முப்பது மெழுகுவர்த்தி ஏற்றினால்
புகைமணி அலறும் என்று
ஒன்றே ஒன்று நட்டிருந்தாள் செனாமி.
ஊதினேன்.
சுடர் போனது.
கூடவே, எந்தக் கணினியிலோ
ஹுன்சு என்கிற என் பெயருக்கு நேரே
ஐந்து புள்ளி போனது.

கீழ்த்தள ரொஹேலியோ கைதட்டவில்லை.
அவனும் இந்தக் கணக்கில் நிற்பவன்.
"மிச்சம் எவ்வளவு?" என்றான்,
சாவு வீட்டில் வயது விசாரிக்கும் குரலில்.
சொன்னேன்.
கேக்கைப் பார்த்தபடி தலையாட்டினான்.

வின்னிபெக்கில் அது பிப்ரவரி.
கதவுக் கைப்பிடி கடிக்கும்.
பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்குள்
வெளிச்சத்துக்கு வழி இழுத்துக் கொடுப்பேன்;
அதற்குப் புள்ளி உண்டு, வருடக் கணக்கில்.
கையுறை கழற்றி மரை முடுக்கி
உணர்விழந்த சுண்டுவிரலுக்குக்
கட்டம் இல்லை.

ஆங்கிலத் தேர்வில் ஒருத்தி கேட்டாள்:
உங்கள் ஊரிலிருந்து கிளம்பிய ஒரு பயணம் பற்றி
இரண்டு நிமிடம்.
படாக்ரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா?
பல்லைப் பிடித்துப் பார்த்து, தோளைத் தட்டிப் பார்த்து
ஆட்களைக் கப்பலேற்றிய கரை அது.
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
லேகோஸ் பேருந்தில் ஆடு ஏறிய கதையைச் சொன்னேன்.
சிரித்தாள்.
நல்ல மதிப்பெண்.

பிறகு புதன்கிழமைகள்.
சில புதன்களில் அந்த எண் வரும்,
அதற்கு மேலே இருப்பவர்கள் உள்ளே.
நான் நாலு ஏறினால் அது ஏழு ஏறும்.
கழுத்தில் கட்டிய கரும்பைத்
துரத்துகிற கழுதை மாதிரி
ஒரு குளிர்காலம் முழுக்க நடந்தேன்.

செனாமி ஒன்றும் சொல்லமாட்டாள்.
செயின்ட் போனிஃபேஸில் ஒரு ரொட்டிக்கடை,
விடிகாலை மூன்று மணிக்கு மாவு.
முதலாளியம்மா ஜினெட்டோடு
போனில் பிரெஞ்சில் சண்டை போடுவாள்.
கோட்டோனு சந்தையில் அத்தையோடு
துணி விற்ற நாளில் ஒட்டிக்கொண்ட மொழி.
"சந்தை இரைச்சல்" என்பேன்.
அவளும் சிரிப்பாள், அப்போதெல்லாம்.

மார்ச் கடைசியில்
சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள்.
பிரெஞ்சுத் தேர்வு. நாலு பகுதி.
நாலிலும் நான் கண்ணால் பார்த்திராத எண்கள்.
"எப்போது படித்தாய்?"
"மாவு உப்பும் வரை
சும்மாதானே நிற்கிறேன்."

அவளை மேலே, என்னைக் கீழே போட்டுக்
கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை.
மூன்றாம் முறை ரொஹேலியோ கூட்டினான்.
"கரையேறிவிட்டாய்" என்றான்.
கொஞ்சம் யோசித்து,
"ஏற்றிவிட்டாள்" என்று திருத்தினான்.

முதன்மை விண்ணப்பதாரர் யார்?
வாடகைச் சீட்டில் நான்.
மின்கட்டணத்தில் நான்.
திரையில் அம்புக்குறி என் பெயரின் மேல்
நின்றுகொண்டே இருந்தது.
குளிர் என்று சொல்லிக் கையைத் தேய்த்தேன்.
பிறகு நகர்த்தினேன்.

உடன் வருபவரைப் பற்றிப்
படிவத்துக்கு அதிக ஆவல் இல்லை.
இருபது நிமிடத்தில் முடிந்துபோனேன்.

அவளுக்கோ மூன்று இரவு.
பத்து வருடத்தில் குடியிருந்த இடமெல்லாம் வேண்டும்,
ஒரு மாதம்கூட விடுபடாமல்.
அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன்.
ஆறு வருடமாய் என் மனைவி;
இந்தத் தெருப்பெயர்களை
இன்றுதான் எழுத்துக்கூட்டுகிறேன்.
போர்ட்டோ நோவோவில் ஒரு மாடியறை.
சரக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு விலாசம்,
கதவு எண் கிடையாது.

பிறகு ஓர் ஓட்டை.
நாங்கள் சந்திப்பதற்கு முந்தைய வருடம்,
ஜூன் முதல் செப்டம்பர்.
வேலை இல்லை, படிப்பு இல்லை, ஊர் இல்லை.

"இங்கே என்ன போடட்டும்?"

மணிக்கட்டில் காய்ந்த மாவைச் சுரண்டியபடி
ஒரு சொல் சொன்னாள்.
பிரெஞ்சில்.
"எழுத்துக்கூட்டு" என்றேன்.

"வேலையில்லை என்று போடு" என்றாள்.
"அந்தச் சொல்லை
நீ கற்றுக்கொண்டு வா."