முன்னாள்

இண்டூரில் ஏறுவார்.
கேட்காமலே பாஸை நீட்டுவார்.
"பாத்துக்கப்பா, தேதி இருக்குது."
ஓரம் பிரிந்த அட்டையில்
மீசை இன்னும் கறுப்பு.

ஒரே தடவை ஜெயித்தவர் மாதப்பன்,
நூற்றுப்பதினேழு ஓட்டில்.
ஐந்து வருடத்தில் சபையில் பேசியது
நாலே நிமிடம்:
எங்கள் போர்த் தண்ணியைப் பற்றி,
அதைக் குடித்த பிள்ளைகளின் காவிப் பல்லைப் பற்றி.
ஐந்தாவது நிமிடம் மணி அடித்துவிட்டார்களாம்.

அடுத்த தேர்தலில் டெபாசிட்டும் போனது,
பின்னாலேயே ஜீப்பும்.
இப்போது யாருடைய பட்டா மனுவையோ
மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
வாரம் இரண்டு முறை தாலுகா ஆபீஸ்.

இன்று நல்ல கூட்டம்.
உறுப்பினர் சீட் என்று எழுதி அழிந்த இடத்தில்
புளி மூட்டையோடு ஒரு அம்மா.
"எழுப்பட்டுமாண்ணா?" என்று சிரித்தேன்.
வேண்டாமென்று கையாட்டியவர்
என் வாயையே பார்த்தார்.
"நீ எந்த வருசம் பொறந்தே?"

சொன்னேன்.
விரல் மடக்கினார். பாதியில் நிறுத்தி
கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

பென்னாகரம் வரை
விசிலைப் பல்லில் கடிக்காமல்
உதட்டால் பிடித்தே ஊதினேன்.