மறுகா

சாரதி அனுமதிப்பத்திரத்தில் பி பொசிட்டிவ்.
உடம்பில் ஓ பொசிட்டிவ்.
அம்பாறைக் கந்தோரில் மாற்றவேண்டுமாம்.
"நீங்கதானே கிளார்க், நிரப்புங்க ராத்தா"
படிவத்தை என் மடியில் போட்டுவிட்டு
என்ஜின் கறை போகாத நகத்தோடு
மீனாணத்தில் சோறு குழைக்கிறான் நுஸ்கி.

'மாற்றத்திற்கான காரணம்'
ஒரு விரல் அகலக் கட்டம்.

கொழும்பில் ஐந்து மணித்தியாலம்
ஒரு கையால் போய் மறுகையால் திரும்பியது என் இரத்தம்.
நடுவிலிருந்த மெஷின் சலித்துச் சலித்து
ஒரு சின்னப் பையை நிரப்பியது.
இவ்வளவுதானா என்றேன்.
இவ்வளவும் மூலக்கலம் என்றாள் மிஸி.

கலம் என்றால் கடலில் போவது,
கலம் என்றால் சோறு போடுவது.
இது இன்னும் எதுவுமாகாத கலம்.
என்னவாகப் போகிறாய் என்று கேட்டால்
மறுகா, என்னும்.
இரண்டாகப் பிரியும்போதும்
ஒன்று வேலைக்குப் போக
மற்றது அங்கேயே இருந்து
மறுகா, மறுகா.

செங்குழியத்துக்கு அந்தச் சொல் இல்லை.
காற்றுச் சுமக்கவென்று முடிவான நாளில்
தன் கருவையே வெளியே தள்ளிவிடும்.
நாலு மாத ஓட்டம்.
மண்ணீரலில் முடிந்தது கதை.

பையை அவன் நெஞ்சுக் குழாயில் ஏற்றினார்கள்.
எலும்புக்குப் போகும் வழியை
ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
வெண்குழியம் பூச்சியம். அடுத்த நாளும் பூச்சியம்.
நிந்தவூரில் உம்மா
தொழுகைப் பாயிலேயே கிடந்தா.
பதினாறாம் நாள் நூற்றிப் பத்து.

இனி இவர் இரத்தத்தைச் சோதித்தால்
பெண் என்றுதான் வரும் என்று டொக்டர் சிரித்தார்.
அதை நான் ஒரு வருஷம் இவனுக்குச் சொல்லவில்லை.

பழைய ஊசியெல்லாம் அவனுக்கு மறந்துபோயிற்று.
முப்பத்தொரு வயதில்
குழந்தைகள் கிளினிக்கில் தாடியோடு வரிசை.
முக்கூட்டு ஊசிக்கு அழாததற்கு
மிட்டாய் கொடுத்தார்களாம்.
எனக்கும் பாதி கொண்டுவந்தான்.

'பால்' என்ற கட்டத்தில் பேனை கொஞ்சம் நின்றது.
ஆண் என்று எழுதினேன்.
காரணத்தை மறுகா எழுதுவம் என்றேன்.

"ஸ்ஸ்" என்றான்.
மீன்முள்.
முதல்முதல் இப்படித்தான் தொடங்கியது,
ஸ்பானர் கீறிய சின்னக் காயம்,
மூன்று துவாய் நனைந்தும் நிற்கவில்லை.

விரலை வெளிச்சத்தில் பிடித்தான்.
ஒரு துளி.
பெருத்தது, தயங்கியது,
கறுத்து, அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு பேரும்
சோறு காய்வதையும் மறந்து
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.