ஐந்து நாற்பது பஸ்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில்,
போட்டோகொப்பி மெஷினுக்கும் ரீலோட் அட்டைகளுக்கும் நடுவே
நான் நடத்துகிற இணையத்தளம்:
எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு பஸ். அவ்வளவுதான்.
மாதக் கடைசியில் வந்துபோனவர் கணக்கைத் திறப்பேன்.
பெயர் இருக்காது. மொழிக்கு இரண்டெழுத்து,
ஒரு கோடு, நாட்டுக்கு இரண்டெழுத்து.

வெறும் ‘சி’ என்று ஒருவர், நாடில்லாமல், கோடில்லாமல்,
ஒரே நிமிடத்தில் நாற்பது பக்கம் புரட்டியிருந்தார்.
ஆளில்லை, ஏதோ மெஷின் என்று ரமணீதரன் சொன்னதும்
‘அவரை’ ‘அது’ ஆக்கினேன்.

டிஏ, கோடு, ஐஎன். இந்தியத் தமிழ்.
நோர்வூட், மஸ்கெலியா, டிக்கோயாவிலிருந்து நூற்றுக்கணக்கில்.
பொகவந்தலாவை பஸ்ஸைத் தேடி
இத்தனை இந்தியர்களா?
என் போனைத் திறந்தேன். அதிலும் அதேதான்.
தமிழ் கேட்டபோது கடைப்பையன்
மேலே கிடந்ததைத் தட்டியிருக்கிறான்.
அப்பாவின் பிரஜாவுரிமைக் கடதாசி வர
பதினெட்டு வருஷம்.
நான் ஒரே தட்டில் இலங்கைக்கு மாறினேன்.
அதற்காக எனக்கு நானே
ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிடிபடாமல் நின்றது ஒன்றுதான்.
ஏஆர், கோடு, கேடபிள்யூ. அரபி, குவைத்.
வாரத்தில் நாலு ராத்திரி, இங்கே மூன்று மணி,
அங்கே பன்னிரண்டரை,
ஒரே பக்கம்: கிளன்வேல் கீழ்ப்பிரிவு, மாலை ஐந்து நாற்பது.
ஏற முடியாத பஸ்ஸை
ஏழு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கும்.
அரபிக்காரனுக்கு கிளன்வேலில் என்னடா வேலை
என்றான் ரமணீதரன்.
வீட்டுக்காரி கொடுத்த பழைய போனாயிருக்கும் என்றேன்.
மொழியை மாற்ற அவளுக்குத் தெரிந்திருக்காது,
மாற்றாதே என்றும் சொல்லியிருக்கலாம்.
‘அவள்’ என்றது நானாக வைத்துக்கொண்டது.
கணக்கில் அதற்குக் கட்டமில்லை.

இன்று அதே அரபி, அதே குவைத்.
ஊர்க் கட்டத்தில் மட்டும் ஹட்டன்.
மாலை ஐந்து இருபத்தொன்று.
இப்போது.

மண் சரிந்த நாளிலிருந்து கிளன்வேலுக்கு பஸ் இல்லை.
மூன்று வாரம். அந்த வரியை
நான் இன்னும் அழிக்கவில்லை.

கடையைத் திறந்தபடி விட்டு இறங்கினேன்.
மழை. பொலித்தீன் சுற்றிய பெட்டிகளோடு
கூரைக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள்.
எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?
கண்டக்டர் மாதிரிக் கத்தினேன்:
கிளன்வேல்! கிளன்வேல்!

இரண்டு பேர் திரும்பினார்கள்.